அத்தியாயம் 7: வரைபடத்தில் இல்லாத வேலி

சேலத்திலிருந்து புதுச்சேரிக்குப் பலமுறை பறந்த பைலட்டுக்கு அந்த வழி மனப்பாடம். எந்த ஏரி எப்போது வரும், ரயில் பாதை எங்கே பிரியும் என்று எல்லாம் தெரியும். தற்காலிக வான்வெளி ஒதுக்கீட்டில் மாட்டிக்கொள்பவரும் பெரும்பாலும் அவர்தான். புது வழியில் போகிறவர் அறிவிப்புகளை வரிவரியாகப் படிப்பார். பழகிய வழியில் போகிறவர் ‘நேற்றுதானே போனோம்’ என்று இன்ஜினைக் கிளப்பிவிடுவார். தேரோட்டத்தன்று ரத வீதிக்குள் வண்டியை விட்டுவிட்டு விழிப்பவர் உள்ளூர்க்காரர். வெளியூர்க்காரர் வழி கேட்டுக்கொண்டு அல்லவா வருகிறார்!

இந்த அத்தியாயம் இந்தியாவில் சிறிய விமானம் ஓட்டும் மாணவ பைலட்டுகளுக்கும், தனியார் பைலட் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும். பெரிய நிறுவனங்களில் இந்த வேலையை டிஸ்பாட்ச் பிரிவு செய்து கையில் கொடுத்துவிடும். உங்களுக்கு அந்தப் பிரிவும் நீங்கள்தான். டிரோன் பறக்கவிடுகிறவர்களுக்குக் கடைசியில் தனிப் பகுதி உண்டு.

இவ்வளவு தெரிந்தால் போதும்

ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு, குறிப்பிட்ட உயரம் வரை, வான்வெளியின் ஒரு துண்டை ஒரு வேலைக்கென்று எடுத்துவைப்பதுதான் ஒதுக்கீடு. அந்த வேலை போர் விமானப் பயிற்சியாக இருக்கலாம். ராக்கெட் ஏவுதல், பீரங்கிச் சுடுதல், அணிவகுப்பு, தலைவர்களின் வருகை, வெள்ள மீட்புப் பணி என எதுவாகவும் இருக்கலாம். பைலட்டுக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பூட்டு எப்படிப்பட்டது, சாவி யாரிடம்?

தற்காலிகமாக ஒதுக்கிய பகுதி என்றால், ஒதுக்கிய நேரத்திலும் கன்ட்ரோலரின் அனுமதியோடு மற்றவர் குறுக்கே போக வாய்ப்பு உண்டு. தற்காலிகமாகப் பிரித்துவைத்த பகுதி என்றால் அந்த நேரத்தில் அது ஒருவருக்கே சொந்தம், கேட்டாலும் கிடைக்காது. இவை தவிர, வரைபடத்தில் நிரந்தரமாக அச்சிட்டிருக்கும் மூன்று வகைகள் உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதியில் நுழையவே கூடாது. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைச் சுற்றியிருப்பது அப்படிப்பட்டது. கட்டுப்பாட்டுப் பகுதியில் நிபந்தனையோடு நுழையலாம். அபாயப் பகுதியில் நுழைவதற்குத் தடை இல்லாமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே குண்டு பறந்துகொண்டிருக்கும். இந்தப் பின்னிரண்டில் பல எப்போதும் விழித்திருப்பதில்லை. அறிவிப்பு வந்தால் விழிக்கும், நேரம் முடிந்தால் தூங்கும். நம் தலைவலி பாதிக்குப் பாதி இங்கேதான்.

இந்த ஏற்பாடு பைலட்டுகளைத் துன்புறுத்த வந்ததல்ல. 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் சிவில் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்றார். மீதியை ராணுவத்தின் பெயரில் நிரந்தரமாகப் பூட்டிவைப்பதா, வேண்டிய மணிநேரத்துக்கு மட்டும் பூட்டுவதா? இரண்டாவது வழிக்கு ‘நெகிழ்வான வான்வெளிப் பயன்பாடு’ என்று பெயர். அதன்படி திறந்திருக்கும் வானம் கூடும். கூடவே, நாளுக்கு நாள் மாறும் வேலிகளும் கூடும்.

முதல் நாள் இரவு: நோட்டாம் சேகரிப்பு

தற்காலிக ஒதுக்கீடுகள் நோட்டாம் எனப்படும் அறிவிப்பாக வருகின்றன. முன்பே திட்டமிட்ட ஒதுக்கீடுகளுக்குக் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது சர்வதேச நெறி. அவசர வேலைக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆகவே முதல் நாள் இரவு பார்ப்பது திட்டமிட. புறப்படும் முன் பார்ப்பது உயிர் பிழைக்க.

1. புறப்படும் நிலையம், சேரும் நிலையம், மாற்று நிலையம் மூன்றுக்கும் நோட்டாம் எடுங்கள்.

2. வழியில் வரும் வான் தகவல் மண்டலத்துக்கும் தனியாக எடுங்கள். தமிழ்நாடு சென்னை மண்டலத்தில் இருக்கிறது. அதன் குறியீடு விஓஎம்எஃப். மும்பைக்கு விஏபிஎஃப், கொல்கத்தாவுக்கு விஇசிஎஃப், டெல்லிக்கு விஐடிஎஃப். நிலையங்களின் நோட்டாமை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. நிலையத்துக்கு வெளியே, நடுவழியில் இருக்கும் ஒதுக்கீடு மண்டலத்தின் பெயரில்தான் வரும்.

3. பட்டியலில் இருக்கும் நிரந்தரப் பகுதிகளில் எது உங்கள் வழிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஏ.ஐ.பி. நூலில் பார்த்து, அதன் எண்ணைத் தனியே குறித்துவையுங்கள். நோட்டாம் பல சமயம் ‘இந்த எண்ணுள்ள பகுதி இயங்கும்’ என்று மட்டும் சொல்லும். எல்லைப் புள்ளிகளைத் திரும்பச் சொல்லாது.

4. எல்லாவற்றையும் தாளில் அச்சிடுங்கள். டேப்லெட் அழகானதுதான், ஏப்ரல் மாத காக்பிட் வெயிலில் சூடேறி அணைந்துபோகும்வரை.

நோட்டாமைப் படிக்கும் வரிசை

நோட்டாம் முழுவதும் பெரிய எழுத்தில், சுருக்கெழுத்தில், மூச்சுவிடாமல் எழுதப்பட்டிருக்கும். மேலிருந்து கீழே நாவல் போலப் படிக்க வேண்டாம். இந்த வரிசையில் படியுங்கள்.

முதலில் க்யூ வரி. அதில் மண்டலக் குறியீட்டை அடுத்து ஐந்தெழுத்து ஒன்று இருக்கும். க்யூ-ஆர்-டி-சி-ஏ என்றால் தற்காலிகக் கட்டுப்பாட்டுப் பகுதி இயங்குகிறது. க்யூ-ஆர்-ஏ-சி-ஏ என்றால் வான்வெளி ஒதுக்கீடு இயங்குகிறது. க்யூ-ஆர்-டி-சி-ஏ என்று இன்னொன்றும் வருகிறதே என்று குழம்பாதீர்கள்: அதில் மூன்றாவது எழுத்து ‘டேஞ்சர்’ என்பதன் முதலெழுத்து, அபாயப் பகுதியைக் குறிக்கும், முதலில் சொன்னதில் அது ‘டெம்பரரி’ என்பதன் முதலெழுத்து. ஆங்கில எழுத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும், தொலைபேசியில் கேட்டால் தெரியாது. போனில் வாங்கும்போது ‘டெல்டாவா, டேங்கோவா’ என்று கேட்டுவிடுங்கள். க்யூ-டபிள்யூ-எம்-எல்-டபிள்யூ என்றால் ஏவுகணையோ பீரங்கியோ ராக்கெட்டோ சுடப்போகிறார்கள். அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருங்கள்.

க்யூ வரியின் கடைசியில் ஒரு மையப் புள்ளியும் ஆரமும் இருக்கும். இது கணினி வடிகட்டுவதற்காகத் தோராயமாகப் போட்ட வட்டம். உண்மையான எல்லை கீழே ஈ பகுதியில் இருக்கிறது. க்யூ வரி வட்டத்தை வரைபடத்தில் வரைந்து, வழி முழுவதும் மூடிவிட்டது என்று பயணத்தை ரத்துசெய்தவர்களும் உண்டு.

அடுத்து நேரம். பி தொடக்கம், சி முடிவு, டி தினசரி அட்டவணை. டி இல்லையென்றால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இடைவிடாமல் மூடல். டி இருந்தால் அந்த மணிகளில் மட்டும்.

பிறகு உயரம்: எஃப் கீழ் எல்லை, ஜி மேல் எல்லை. கடைசியில்தான் ஈ பகுதியின் விளக்கம்.

குறிப்பு: முடிவு நேரத்துக்குப் பக்கத்தில் ‘ஈஎஸ்டி’ என்று இருந்தால் அது உத்தேச நேரம். அந்த நேரம் தாண்டியதும் நோட்டாம் தானாகச் செத்துவிடாது. அதை மாற்றும் அல்லது ரத்துசெய்யும் இன்னொரு நோட்டாம் வரும்வரை உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம்தான் பெரிய எதிரி

நோட்டாமில் எல்லா நேரமும் யூடிசி. நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தவறு நடக்கிறது, அதுவும் அந்த அரை மணியில்.

டெல்லி குடியரசு தின ஒத்திகையை எடுத்துக்கொள்வோம். 2025-ல் ஜனவரி 19 முதல் 26 வரை, காலை 10.20 முதல் பிற்பகல் 12.45 வரை டெல்லி விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கவோ ஏறவோ முடியாது என்று அறிவித்தார்கள். இது யூடிசியில் 04.50 முதல் 07.15 வரை. டி பகுதியைக் கவனிக்காதவர் எட்டு நாளும் டெல்லி மூடல் என்று நினைப்பார். யூடிசியை மறந்தவர் அதிகாலை 4.50-க்கு மூடி 7.15-க்குத் திறந்துவிடுவார்கள் என்று நம்பி, பத்தரை மணிக்கு டெல்லிக்கு மேலே வந்து நிற்பார்.

தேதியும் மாறும். இந்திய நேரம் காலை 5.30-க்கு முன் யூடிசியில் முந்தின நாள். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைச் சிவில் விமானங்களுக்கு மூடினார்கள். ‘மே 15 காலை 5.29 வரை’ என்று செய்தி வந்தபோது, அது என்ன 5.29 கணக்கு என்று பலர் கேட்டார்கள். நோட்டாமில் எழுதியிருந்தது மே 14, 23.59. அவ்வளவுதான்.

முடிவு நேரத்தைச் சாசனமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை 2025 ஏப்ரல் 24 அன்று மூடிய பாகிஸ்தான், அதை மாதாமாதம் நீட்டிக்கொண்டே போனது. ஏப்ரல் 30-லிருந்து இந்தியாவும் அதையே செய்தது. ஒவ்வொரு நோட்டாமிலும் ஒரு முடிவு நாள் இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த நாளுக்கு முன் புதிய நோட்டாம் வந்தது.

என் யோசனை: திட்டத் தாளின் மேல் முனையில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் யூடிசி, ஒன்றில் நம் நேரம் எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். இரண்டு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளும் பழைய பைலட்டுகளைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்.

கையால் வரையுங்கள்

செயலிகள் ஒதுக்கீட்டைச் சிவப்பாக நிறம் தீட்டிக் காட்டும். அது வசதி. ஆனால் எல்லா நோட்டாமும் படமாக மாறுவதில்லை, மாறினாலும் சரியாக மாறியதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வழியைத் தொடும் ஒதுக்கீட்டை மட்டுமாவது பென்சிலால் வரையுங்கள்.

1. எல்லைப் புள்ளிகள் பாகை, நிமிடம், விநாடி என்ற வடிவில் இருக்கும். ஜிபிஎஸ் கருவி வேறு வடிவில் கேட்கலாம். 13 பாகை 05 நிமிடம் 45 விநாடி என்பதை 13.0545 என்று தட்டினால் புள்ளி ஏறத்தாழ இரண்டரை கடல் மைல் தெற்கே போய் விழும். சரியான எண் 13.0958.

2. ஆரம் கடல் மைலிலா கிலோமீட்டரிலா என்று பாருங்கள். 10 கடல் மைல் என்பது 18.5 கிலோமீட்டர். மாற்றிப் படித்தால் வேலி பாதியாகச் சுருங்கிவிடும்.

3. உயரம் எதிலிருந்து அளந்தது என்று பாருங்கள். தரையிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா, பறப்பு மட்டமா? கோவை விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 அடியில் இருக்கிறது. அங்கே ‘தரையிலிருந்து 3,000 அடி’ என்றால் உங்கள் ஆல்டிமீட்டரில் 4,300. பெங்களூரு என்றால் ஏறத்தாழ 6,000.

4. உண்மையான எல்லைக்கு வெளியே 5 கடல் மைல் தள்ளி இன்னொரு கோடு வரையுங்கள். நீங்கள் தொடக்கூடாத கோடு இதுதான். காற்று தள்ளும், கண் தவறும். அதற்கு இடம் வேண்டும்.

மேல் எல்லைக்கு மேலே போனால் பத்திரம் என்ற எண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனின் வான்வெளி பறப்பு மட்டம் 320 வரை மூடப்பட்டிருந்தது. ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்எச்17 பறந்தது 330-ல். விதிப்படி திறந்த வானம். அங்கேதான் அதை ஏவுகணை தாக்கியது. 298 பேர் இறந்தார்கள். உள்ளூர்ப் பயிற்சிப் பகுதியை இதோடு ஒப்பிட முடியாது. ஆனால் ‘ஏன் மூடியிருக்கிறார்கள்’ என்ற கேள்வியைக் கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பறக்கக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உள்ளே சுடுகிறார்கள் என்றால் மேலே போகாதீர்கள், சுற்றிப் போங்கள்.

ஒரு பயிற்சிக் கணக்கு

இது கற்பனை நோட்டாம். வழி மட்டும் உண்மை. சேலம்-புதுச்சேரி நேர்க்கோட்டில் சுமார் 103 கடல் மைல். விழுப்புரத்தை மையமாகக் கொண்டு 10 கடல் மைல் ஆரத்தில், தரையிலிருந்து 6,000 அடி வரை, 04.30 முதல் 07.30 யூடிசி வரை தற்காலிகக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று வைத்துக்கொள்வோம். நம் நேரம் காலை 10 முதல் பிற்பகல் 1 மணி வரை. உங்கள் விமானத்தின் வேகம் 100 நாட். காலை 9 மணிக்குப் புறப்படத் திட்டம்.

விழுப்புரம் சேலத்திலிருந்து 84 கடல் மைல். வட்டத்தின் மேற்கு விளிம்பு 74-ல், கிழக்கு விளிம்பு 94-ல். காற்றில்லாவிட்டால் 9.44-க்கு நுழைந்து 9.56-க்கு வெளியே வந்துவிடுவீர்கள். பத்து மணிக்குத்தானே மூடுகிறார்கள், நான்கு நிமிடம் மிச்சம். ஆசை இங்கேதான் பிறக்கிறது.

இப்போது கிழக்கிலிருந்து 15 நாட் எதிர்காற்று என்று வையுங்கள். தரை வேகம் 85. நுழைவது 9.52, வெளியேறுவது 10.06. ஆறு நிமிடம் மூடிய வானத்துக்குள். சேலத்தில் புறப்படவே பத்து நிமிடம் தாமதமானால் 10.16. கிளப் விமானம் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

வழிகள் நான்கு:

1. சுற்றிப் போவது. மையத்திலிருந்து 15 கடல் மைல் விலகி, அதாவது 5 மைல் இடைவெளி விட்டுச் சுற்றினால், மொத்தத் தூரம் சுமார் 110 கடல் மைல். கூடுதல் 8 மைல்கூட இல்லை. அந்த எதிர்காற்றிலும் ஆறு நிமிடத்துக்குள்.

2. மேலே போவது. கிழக்கு நோக்கிய பார்வைவிதிப் பறப்புக்கு 7,500 அடி பொருந்தும். மேகம் அனுமதிக்க வேண்டும், இன்ஜின் நின்றால் இறங்கப்போவது எங்கே என்றும் யோசிக்க வேண்டும்.

3. முன்னதாகப் புறப்படுவது. 8.15-க்குக் கிளம்பினால் அந்த எதிர்காற்றிலும் பத்து மணிக்கு முன் வெளியே.

4. ஒரு மணிக்குப் பிறகு போவது. நோட்டாம் நீட்டிக்கப்படலாம் என்பதையும் கணக்கில் வைத்து.

நான் முதல் வழியைத்தான் எடுப்பேன். ஆறு நிமிட எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் பெரும்பாலான எல்லை மீறல்கள் நடக்கின்றன என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

புறப்படும் முன்

பறப்புத் திட்டத்தில் நீங்கள் சுற்றிப்போகும் வழியையே எழுதுங்கள். நேர்வழியை எழுதிக்கொடுத்துவிட்டு ‘மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது வேண்டாம். நீங்கள் எங்கே வருவீர்கள் என்று கீழே இருப்பவர்கள் எதிர்பார்ப்பது அந்தத் தாளை வைத்துத்தான்.

வான் தகவல் மையத்தின் எஃப்ஐசி எண்ணும் விமானப் படையின் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்காமல் இன்ஜினைத் தொடாதீர்கள். இந்த அனுமதி எண் கிடைத்துவிட்டதால் ஒதுக்கிய பகுதிக்குள் போகவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. அந்த எண், நீங்கள் யார் என்று ராடார் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவிக்கிறது. வேலியின் சாவி அதில் இல்லை. புறப்பாடு தாமதமானால் எண் இன்னும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் வாங்கும் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே, ‘என் வழியில் புதிதாக ஏதாவது உண்டா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். தலைவர்களின் பயணத்துக்கான கட்டுப்பாடுகள் கடைசி நேரத்தில் வரும். பாதுகாப்புக் காரணங்களால் விவரம் குறைவாகவே இருக்கும்.

எரிபொருள்: மூடிய நிலையம் திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் இறங்கத் திட்டமிடாதீர்கள். டெல்லியில் 12.45-க்குத் திறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் வருவார்கள். பெங்களூருவில் ஒற்றைப்படை ஆண்டுகளில் எலஹங்கா விமானக் கண்காட்சி நடக்கும்போதும் இதே நெரிசல். அப்படிப்பட்ட நாளில் சிறிய விமானத்துக்கு முன்னுரிமை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சட்டப்படி வேண்டிய இருப்புக்கு மேல் இன்னொரு அரை மணி நேரத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்துவிட்டால்

1. முதலில் விமானத்தை ஓட்டுங்கள். பதற்றத்தில் செங்குத்தாகத் திரும்பி வேகத்தை இழப்பது வேலியைவிட ஆபத்து.

2. உடனே கன்ட்ரோலரிடம் பேசுங்கள். இருக்கும் இடம், உயரம், திசை. ‘தவறுதலாக நுழைந்துவிட்டேன், வெளியேற வழி வேண்டும்’. மழுப்ப வேண்டாம். உள்ளே இன்னொரு விமானம் இருந்தால் அதை விலக்க அவருக்கு இருக்கும் நேரம் உங்கள் பேச்சைப் பொறுத்தது.

3. பதில் வராவிட்டால், மிக அருகில் இருக்கும் விளிம்பு வழியாக வெளியேறுங்கள். பொதுவாக அது வந்த வழிதான்.

4. டிரான்ஸ்பாண்டரை அணைக்காதீர்கள். ராடாரில் தெரியாமல் இருக்கத் தாழப் பறக்கவும் கூடாது. வழிதவறியவராக இருந்த நீங்கள் அந்த நொடியில் சந்தேக நபராகிவிடுவீர்கள்.

5. இறங்கியதும் நடந்ததை நேர வரிசையில் எழுதிவையுங்கள். விசாரணை வரும். நினைவு மாறிவிடும், தாள் மாறாது.

பக்கத்தில் போர் விமானம் வந்தால்

இந்தப் பக்கத்தை நகலெடுத்து முழங்கால் பலகையில் செருகிவையுங்கள். இதைப் பயன்படுத்தும் நாள் வராமலே போகலாம்; வந்தால் புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது. சைகைகள் உலகம் முழுக்க ஒன்றே.

அது உங்களுக்குச் சற்று மேலே, முன்னால், வழக்கமாக இடப்பக்கம் வந்து இறக்கைகளை ஆட்டும். இரவென்றால் விளக்குகளை ஒழுங்கற்ற இடைவெளியில் மினுக்கும். பிறகு மெதுவாக இடதுபுறம் திரும்பும். அர்த்தம்: என் பின்னால் வா. நீங்களும் இறக்கையை ஆட்டிவிட்டுப் பின்தொடர வேண்டும்.

நிலையம் ஒன்றின் மேல் சக்கரத்தை இறக்கிக்கொண்டு வட்டமிட்டால்: இங்கே இறங்கு. நீங்களும் சக்கரத்தை இறக்கி, பின்தொடர்ந்து இறங்குங்கள். சக்கரம் நிலையானதென்றால் இறங்குவதற்கான விளக்கைப் போடுங்கள்.

திடீரென்று 90 பாகையோ அதற்கு மேலோ மேல்நோக்கித் திரும்பி, உங்கள் பாதையைக் குறுக்கிடாமல் விலகிப் போனால்: நீ போகலாம். இறக்கையை ஆட்டி ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே 121.5 மெகாஹெர்ட்ஸில் உங்கள் அழைப்புப் பெயரையும் பயணத்தின் தன்மையையும் சொல்லுங்கள். கன்ட்ரோலர் வேறு சொல்லாவிட்டால் டிரான்ஸ்பாண்டரில் 7700 வையுங்கள். மொழி புரியாவிட்டால் பயன்படும் சொற்கள் சில: அவர் சொல்வது ‘ஃபாலோ’, ‘டிசெண்ட்’, ‘யூ லேண்ட்’, ‘ப்ரொசீட்’. நீங்கள் சொல்வது ‘வில்கோ’ (செய்கிறேன்), ‘கேன் நாட்’ (முடியாது), ‘ரிபீட்’, ‘ஆம் லாஸ்ட்’ (வழி தவறிவிட்டேன்).

கன்ட்ரோலர் ஒன்று சொல்லி, போர் விமானம் வேறு சைகை காட்டினால்? சைகைக்குக் கீழ்ப்படிந்துகொண்டே கன்ட்ரோலரிடம் விளக்கம் கேளுங்கள். விவாதத்தைத் தரையில் வைத்துக்கொள்ளலாம்.

கடல் பக்கம் பறப்பவர்களுக்கு

வங்காள விரிகுடாவில் ஒதுக்கீடுகள் பெரியவை. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகளுக்கும், ஒடிசா கரையோரம் அப்துல் கலாம் தீவிலிருந்து நடக்கும் ஏவுகணைச் சோதனைகளுக்கும் கடலில் நீண்ட பகுதிகளை மூடுவார்கள். ராக்கெட் நோட்டாமில் பல நாள்கள் குறித்திருக்கும். ஏவுதல் தள்ளிப்போனால் மாற்று நாள் வேண்டுமே. முதல் நாளே ஏவிவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மறுநாள் உள்ளே போகாதீர்கள். ரத்து நோட்டாம் வந்ததா என்று பாருங்கள்.

தூத்துக்குடி பக்கம் பறப்பவர்கள் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து அது சுமார் 35 கிலோமீட்டர்தான். அங்கே ஏவுதல் தொடங்கினால் அந்த வட்டாரத்தில் நோட்டாம் படிக்காத காலை என்று ஒன்று இருக்காது.

ராக்கெட் சரியாகப் போகாவிட்டால் ஒதுக்கீடு பறக்கும்போதே முளைக்கும். 2025 ஜனவரி 16 அன்று ஸ்டார்ஷிப் ராக்கெட் நடுவானில் சிதறியபோது, கரீபியன் பகுதியில் சிதைபொருள் விழக்கூடிய வான்வெளியை அமெரிக்கக் கன்ட்ரோலர்கள் அந்த நிமிடமே மூடினார்கள். விமானங்கள் வட்டமிட்டன, சில வேறு நிலையங்களுக்குப் போயின. மேலே சொன்ன அரை மணி நேர எரிபொருள் இப்படிப்பட்ட நாளுக்கும்தான்.

டிரோன் ஓட்டுபவர்களுக்கு

கல்யாணப் படப்பிடிப்பு, வயலில் மருந்து தெளிப்பு, நில அளவை என்று எதற்கு ஓட்டினாலும் இது உங்களுக்கும் உண்டு. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம் என்றால் பொதுவாக 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். ஆனால் அந்தப் பச்சை நிரந்தரமல்ல. 2021-ம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி மாநில அரசோ, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வழியாகச் சட்ட ஒழுங்கு அமைப்போ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். பிரதமர் வருகை, பெரிய திருவிழா, கலவரம் போன்ற சமயங்களில் இது வரும்.

1. முந்தின நாள் ஒருமுறை, டிரோனை எடுக்கும் முன் ஒருமுறை வரைபடத்தைப் பாருங்கள். பார்த்ததைத் தேதி, நேரத்தோடு திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள்.

2. மாவட்டக் காவல்துறையும் ஆட்சியர் அலுவலகமும் பத்திரிகைகளுக்கு விடும் அறிவிப்பையும் பாருங்கள். ‘டிரோன் பறக்கத் தடை’ என்று ஒரு வரிச் செய்தி வந்திருந்தால், வரைபடம் பச்சையாக இருந்தாலும் பறக்காதீர்கள். காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

3. வாடிக்கையாளரிடம் வாங்கும் ஒப்பந்தத்தில் ‘அரசுத் தடை வந்தால் தேதி மாறும்’ என்று ஒரு வரி சேருங்கள். முகூர்த்தம் மாறாது என்பார்கள். அப்படியானால் முன்பணத்தில் எவ்வளவு திருப்புவது என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.

4. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் யோசிக்காமல் இறக்குங்கள். தலைவர்களின் ஹெலிகாப்டர் வருவதற்கு முன் ஒத்திகை ஹெலிகாப்டர் வரும், அதுவும் தாழ்வாக.